மாதேசனுக்கு வரைந்த இரண்டாவது தாள்

பணி ஓய்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, எங்கள் பங்குத் தரகு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த காவ்யா என்னைத் தன் மேஜைக்கு அழைத்தாள். கணினித் திரையில் ஒரு பங்கின் விலைப்படம் இருந்தது. அடிவிலையிலிருந்து உச்சிவிலை வரை மவுசை இழுத்துவிட்டாள். குறுக்கே ஐந்து கோடுகள் விழுந்தன.

"மேடம், இந்த அறுபத்தொண்ணு புள்ளி எட்டுக் கோட்டுல நிக்கும் அல்வா?" என்றாள். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். 'இல்லையா' என்பதற்கு 'அல்வா' என்று அவளுக்குக் கன்னடம்தான் முதலில் வரும்.

"இழுக்க ஆரம்பிச்ச இடம் அதுதான்னு எப்படி முடிவு பண்ணினே?" என்று கேட்டேன்.

"அங்கிருந்து இழுத்தாத்தான் மேடம் கோடு சரியா உக்காருது" என்றாள்.

நான் சொல்ல நினைத்தது நின்றபடியே சொல்லி முடிக்கிற விஷயமாக இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் மைசூருக்குக் கிழக்கே, தமிழ் பேசுகிற மலையோரத்து ராமாபுரத்துக்காரி. மைசூர் ஐ.டி.ஐ.யில் டிராப்ட்ஸ்மேன் படிப்பு முடித்து, ஒரு கட்டட ஒப்பந்ததாரரிடம் இரண்டு வருஷம் வீட்டு பிளான் வரைந்தேன். அவர் தொழிலை மூடியதும், 'நேர்த்தியாகக் கோடு போடத் தெரிந்தவர் தேவை' என்ற விளம்பரத்தைப் பார்த்து சிவராம்பேட்டையில் ஒரு மாடிப்படி ஏறினேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மேலே இருந்தது பங்குத் தரகு அலுவலகம். வீடுகளுக்குப் பதிலாக இனி விலைகளை வரைய வேண்டும் என்றார்கள். சம்பளம் கொஞ்சம் கூடுதலாக இருந்ததால் ஒப்புக்கொண்டேன்.

அலுவலகத்தின் உரிமையாளர் வரதராஜன். மேல்கோட்டைப் பக்கத்து வைணவக் குடும்பம். வீட்டில் அவர்கள் பேசும் பழைய தமிழ் எனக்குப் பாதிதான் புரியும். என்னோடு கன்னடம் கலந்த மைசூர்த் தமிழில் பேசுவார். முன்பு ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவர். உருண்டுவரும் ஆயிரம் பொருளில் எத்தனையை எடுத்துச் சோதித்தால் போதும் என்று கணக்குப் போடுவதுதான் அங்கே அவர் வேலை. அந்தப் பழக்கம் இங்கேயும் இருந்தது. முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். ஒருநாளும் குரல் உயர்த்த மாட்டார். தப்பு செய்தால் தாளை நம் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, நாமாகக் கண்டுபிடிக்கும் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த ஐந்து நிமிஷத்துக்குத் திட்டு வாங்குவதே மேல் என்று தோன்றும்.

அவர் நம்பியது ஓர் எண்வரிசையை. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, பதின்மூன்று, இருபத்தொன்று என்று போகும். முன்னிரண்டைக் கூட்டினால் அடுத்தது. வரிசையில் கொஞ்சம் மேலே போய் ஓர் எண்ணை அதற்கு அடுத்த எண்ணால் வகுத்தால் புள்ளி ஆறு ஒன்று எட்டுக்குப் பக்கத்தில் வரும். ஓர் எண்ணைத் தாண்டி வகுத்தால் புள்ளி மூன்று எட்டு இரண்டு. "வெள்ளைக்காரா கண்டுபிடிச்சான்னு எல்லாரும் சொல்வா. நம்ம சந்தஸ் சாஸ்திரத்துலே ஸ்லோகத்துக்குக் குறிலும் நெடிலும் எத்தனை விதமா அடுக்கலாம்னு எண்ணினப்பவே இது வந்தாய்த்து" என்பார்.

சந்தையில் இதன் உபயோகம் இப்படி. ஒரு விலை நூறிலிருந்து இருநூறுக்கு ஏறிவிட்டு இறங்கத் தொடங்குகிறது. ஏறியதில் முப்பத்தெட்டு சதவீதத்தைத் திருப்பிக் கொடுத்தால் நூற்று அறுபத்திரண்டு பக்கம் நிற்க வேண்டும். அங்கே நிற்காவிட்டால் அறுபத்திரண்டு சதவீதம், அதாவது நூற்று முப்பத்தெட்டு. அதையும் உடைத்தால் ஏற்றம் செத்துப்போனது என்று பொருள், விற்றுவிட வேண்டும். விதி இவ்வளவுதான்.

வேலை காலை ஒன்பதுக்குத் தொடங்கும். முதலில் கை கழுவ வேண்டும். விரலில் பிசுக்கு இருந்தால் கட்டத்தாளில் பென்சில் வழுக்கும். செய்தித்தாளில் முந்தைய நாளின் விலைகளைப் பார்த்து, நாற்பது பங்குகளுக்கு நாற்பது தாளில் அன்றைய கோட்டைச் சேர்ப்பேன். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஒரு கவராயம் அவரிடம் இருந்தது. இரண்டு பக்கமும் கால் உள்ளது. ஒரு பக்கத்தில் நீளத்தை அளந்தால், மறுபக்கம் அதன் அறுபத்திரண்டு சதவீதத்தைத் தானாகக் காட்டும். ஆனால் கவராயத்தைத் தொடும் முன் ஒரு காரியம் செய்தாக வேண்டும். எந்த அடியிலிருந்து எந்த உச்சி வரை அளக்கப்போகிறேன் என்று தாளின் மூலையில் தேதியோடு மையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியாகத் தெளிவாகத் தெரிகிற அடியிலிருந்துதான் அளக்க வேண்டும். எழுதிய பிறகு மாற்றக்கூடாது.

ஏன் என்று முதல் மாதம் கேட்டேன்.

"நோடம்மா ருக்மிணி, பாரு. மலை மேலே ஏற நூறு வழி இருக்கு. எங்கிருந்து ஏறினேன்னு ஏறினப்பறம் சொன்னா எல்லா வழியும் சரியாத்தான் இருக்கும்" என்றார்.

வாடிக்கையாளர்கள் கேட்டால் அவர் 'ஏறும்' என்றும் சொல்ல மாட்டார், 'இறங்கும்' என்றும் சொல்ல மாட்டார். "இங்கே நின்னா ஒரு மாத்து, நிக்கலேன்னா வேறே மாத்து" என்பார். 'மாத்து' என்றால் கன்னடத்தில் பேச்சு. இந்தப் பதிலோடு திருப்தியாகப் போனவர்கள் குறைவு.

இரண்டாம் வருஷம் ஒரு சிமெண்ட் பங்கில் நான் போட்ட கோட்டில் விலை பத்து பைசா தவறாமல் வந்து தொட்டுத் திரும்பியது. பெங்களூரிலிருந்து தொலைபேசியில் விலை சொன்ன ஆள் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது, என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. நான் வரைந்த பென்சில் கோடு பம்பாய்ச் சந்தையில் யாருக்கோ தெரிந்திருக்கிறது என்பதுபோல இருந்தது. அன்றிலிருந்து வாடிக்கையாளர்கள் நேராக என் மேஜைக்கு வரத் தொடங்கினார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. பின்னால் நடந்ததற்கு அதுதான் காரணம்.

மாதேசன் அப்போதுதான் வந்தார். எங்கள் ராமாபுரத்துக்குப் பக்கத்து மார்டள்ளிக்காரர். மைசூரில் டயர் பேக்டரியில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கியவர். கிடைத்த தொகையில் பெரும்பகுதியை ஓர் இரசாயனக் கம்பெனியின் பங்கில் போட்டிருந்தார். பேக்டரியில் ஓர் இன்ஜினியர் சொன்னாராம். உச்சியில் வாங்கவில்லை, ஆனால் உச்சிக்குப் பக்கத்தில் வாங்கியிருந்தார். எங்கள் அலுவலகத்தில் தமிழ் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"ஏனுங்கம்மிணி, நம்ம பக்கமுங்களா?"

"ராமாபுரமுங்கண்ணா."

"அப்பறமென்ன" என்று நாற்காலியை என் மேஜை பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவார். தாளைப் பார்ப்பார். எண்வரிசையை நான் சொன்னதும் அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. டயரில் நூல் அடுக்கு, ரப்பர் அடுக்கு என்று அவர் வாழ்க்கை முழுக்க அடுக்குகளோடு போனது. ஒன்றின்மேல் ஒன்று கணக்காக ஏறுகிற எதையும் நம்பலாம் என்பது அவர் எண்ணம்.

அந்தப் பங்கு எண்பதிலிருந்து இருநூற்று எண்பதுக்கு ஏறியிருந்தது. அறுபத்திரண்டு சதவீதக் கோடு நூற்று ஐம்பத்தாறில். மையில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அந்தத் தாளை வரைந்தது நான்தான். ஒரு வெள்ளிக்கிழமை விலை நூற்று ஐம்பதில் முடிந்தது. கோடு உடைந்துவிட்டது. மறுநாள் மாதேசன் வந்தார். தாளைப் பார்த்தார். விதி அவருக்கும் தெரியும்.

"ஒடஞ்சு போச்சுங்களா?"

"ஆமாங்கண்ணா."

கோட்டை விரலால் தாளின் விளிம்பு வரை தடவிப் பார்த்தார். பிறகு, "இப்ப வித்தா, போட்டதுல பாதிதான் வரும். ஊட்டுல சொல்லோணும். வேற எப்புடியாச்சும் அளந்து பாக்க முடியாதுங்களா அம்மிணி?" என்றார்.

முடியும். அதுதான் கஷ்டம். அந்தப் பங்குக்கு இரண்டு வருஷம் முன்னால் முப்பதில் இன்னொரு அடி இருந்தது. அங்கிருந்து அளந்தால் கோடு நூற்று இருபத்தைந்துக்கு இறங்கிவிடும். விலை இன்னும் கோட்டுக்கு மேலேதான் இருக்கும். வரதராஜன் அன்று பெங்களூர் போயிருந்தார். நான் புதுத் தாள் எடுத்தேன். மூலையில் எதுவும் எழுதவில்லை. முதலில் கோடு போட்டேன்.

"இதுல இன்னும் எடம் இருக்குதுங்கண்ணா" என்றேன்.

'நிற்கும்' என்று நான் சொல்லவில்லை. பல வருஷம் இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் கேட்டது அந்தச் சொல்லைத்தான், நான் கொடுத்ததும் அதைத்தான். தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

விலை நூற்று இருபத்தேழு வரை இறங்கி, மூன்று நாள் அங்கேயே நின்றது. மாதேசன் ஒரு பை நிறைய கொய்யாப்பழத்தோடு வந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். நான்காம் நாள் நூற்றுப் பத்து. அந்த மாதம் முடிவதற்குள் அறுபது. கம்பெனிக் கணக்கில் ஏதோ கோளாறு என்று பேச்சு வந்தது. பிறகு வாங்குவதற்கு ஆளே இல்லை. கடைசியில் அந்தப் பங்கின் வியாபாரத்தையே நிறுத்திவிட்டார்கள். மாதேசனும் வருவதை நிறுத்திவிட்டார்.

வரதராஜனிடம் நானே போய்ச் சொன்னேன். முதல் தாளைக் கேட்டார். கொடுத்தேன். மூலையில் என் கையெழுத்தைப் பார்த்தார். இந்த முறை தாளை என் பக்கம் திருப்பி வைக்கவில்லை.

"அவா வீடு தெரியுமா?"

"பண்டிபாளையா பக்கம் சார்."

"நட, போலாம்."

ஒற்றை அறையும் சமையல்கட்டும் உள்ள வாடகை வீடு. மாதேசன் இல்லை. பண்டிபாளையா மார்க்கெட் யார்டில் மூட்டை எடை பார்க்கும் வேலைக்குப் போயிருந்தார். ஐம்பத்து நான்கு வயதில் புதுவேலை. அவர் மனைவி காவேரி எங்களை உட்காரச் சொன்னார். சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில், என் இரண்டாவது தாள் ஒட்டியிருந்தது. நூற்று இருபத்தைந்துக் கோட்டை மாதேசன் சிவப்புப் பேனாவால் தடிப்பாக்கியிருந்தார்.

நான் எழுந்து தாளுக்குப் பக்கத்தில் போனேன்.

காவேரி கேட்டார். "தெனமும் காத்தால இதையத்தான் பாப்பாருங்க. இதுக்குக் கீழ போவாது, போவாதுன்னு சொல்லுவாரு. எனக்குப் படிப்பு இல்லீங். அந்தக் கோடு எங்கிருந்துங்க வந்துச்சு?"

எங்கிருந்து வந்தது என்று சொன்னேன். கொண்டுபோயிருந்த முதல் தாளை விரித்துக் காட்டி, இதுதான் சரியான அளவு, இதன்படி நூற்று ஐம்பதில் விற்றிருக்க வேண்டும், அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் இதை மாற்றி வரைந்தேன் என்று சொன்னேன். வரதராஜன் வாசலை ஒட்டி நின்றுகொண்டே இருந்தார், உட்காரவில்லை.

காவேரி கோபப்படவில்லை. தாளின் நான்கு முனையையும் நகத்தால் நெம்பி, கிழியாமல் எடுத்தார். மடித்து என் கையில் கொடுத்தார். "அவரு வர்றதுக்குள்ள கொண்டுட்டுப் போயிருங்க" என்றார்.

வெளியே வந்ததும், வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன்.

"விட்டுட்டா யாரு எண்ணுவா?" என்றார் வரதராஜன்.

எனக்குப் புரியவில்லை. அலுவலகம் போய்ச் சேர்ந்த பிறகு சொன்னார். "ருக்மிணி, நீ அளவை மாத்தினது தப்பு. அது தனி. ஆனா நீ மாத்தாம இருந்தா அந்தக் கோடு வேலை செஞ்சிருக்குமா? எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமா எனக்குத் தெரியாதுங்கறதே இப்போதான் தெரியறது. பேக்டரியிலே ஒரு ஆணியைக்கூட எண்ணிப் பாக்காம வெளியே விடமாட்டேன். இதை எண்ணவே இல்லை."

எண்ண ஆரம்பித்தோம். அலுவலகத்தில் சேர்த்துவைத்திருந்த பழைய தாள்களையெல்லாம் எடுத்தோம். ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு நகல். ஒன்றில் எண்வரிசைப்படி கோடு. மற்றதில் தொலைபேசிப் புத்தகத்தைக் கண்ட இடத்தில் திறந்து, முதலில் படும் எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைச் சதவீதமாக வைத்துக் கோடு. நாற்பத்தேழு வந்தால் நாற்பத்தேழில். ஒரு தாளுக்கு இத்தனை கோடு என்பது இரண்டிலும் சமம். எது எந்த வகை என்பது எனக்கு மட்டும் தெரியும், எண்வரிசைத் தாளின் பின்பக்கம் ஒரு புள்ளி வைத்து, எல்லாத் தாளிலும் அந்த இடத்தில் காகிதம் ஒட்டிவிடுவேன். விலை கோட்டில் நின்று திரும்பியதா, தாண்டிப் போனதா என்று வரதராஜன் பார்த்துக் குறிப்பார். அவருக்கு எது எதுவென்று தெரியாது. தெரிந்தால் கண் சாய்ந்துவிடும் என்றார்.

அந்த மழைக்காலம் முழுவதும் அது நடந்தது. ஈரக்காற்றில் கட்டத்தாள் நமுத்துப்போகும், மின்விளக்குக்குக் கீழே வைத்துக் காயவைப்போம். சந்தை வேலை பாதிதான் நடந்தது. முடிந்த அன்று, பின்பக்கக் காகிதங்களைக் கிழித்து, தாள்களை இரண்டு கட்டாகப் பிரித்தேன். அவர் தன் குறிப்புகளைக் கூட்டினார்.

"எது நம்மளுது?"

இடப்பக்கக் கட்டைக் காட்டினேன்.

மறுபடி கூட்டினார். இரண்டு கட்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. தொலைபேசிப் புத்தகத்துக் கோடுகள் இரண்டு மூன்று கூடுதலாகவே தேறியிருந்தன.

தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றினார், திரும்பவும் போட்டார். "ஆய்த்து" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு அந்த நேரத்தில் ஓர் எண்ணம் வந்தது. அது நல்ல எண்ணம் இல்லை. ஆனாலும் கேட்டுவிட்டேன். "அப்படின்னா சார், முதல் தாளும் ஒண்ணுதான், ரெண்டாவது தாளும் ஒண்ணுதானே?"

"அளவுகோல் பொய்யா இருக்கலாம். நீ அளந்தது மெய்யா இருக்கணும். அதுலே ஒரு மாத்தமும் இல்லை" என்றார். கேட்டதற்கு வெட்கப்பட்டேன்.

அவர் இதை வெளியே சொல்லாமல் இருந்திருக்கலாம். யாரும் கேட்கப்போவதில்லை. மறுநாள் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் கடிதம் எழுத உட்கார்ந்தார். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அவர் எழுதினார். தமிழில் நான் எழுதினேன். வாசகம் ஒன்றே: 'இத்தனை வருஷம் எங்கள் அலுவலகம் உங்களுக்கு வரைந்து கொடுத்த கோடுகள், தொலைபேசிப் புத்தகத்தைப் பார்த்துப் போட்ட கோடுகளைவிட நன்றாக வேலை செய்தன என்பதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை. எண்ணிப் பார்த்தோம். முன்பே எண்ணியிருக்க வேண்டும்.'

பாதிப் பேருக்கு மேல் போய்விட்டார்கள். சிலர் அவருக்கு மூளை கலங்கிவிட்டது என்றார்கள். இன்னொரு தரகர் எங்கள் பழைய தாள்களை விலைக்குக் கேட்டார். வரதராஜன் கொடுக்கவில்லை. அலுவலகம் வாங்குவது விற்பது மட்டுமாகச் சுருங்கியது. விலைப்படம் தொடர்ந்து வரைந்தேன், நடந்ததைப் பார்ப்பதற்காக மட்டும். யாராவது வாங்க வந்தால், எந்த விலைக்குக் கீழே போனால் விற்றுவிடுவீர்கள் என்று வாங்கும் முன்பே கேட்டு எழுதி வாங்குவோம். அந்த விலைக்கு எண்வரிசையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அவரவர் தாங்கக்கூடிய நஷ்டம்தான் அளவு. பின்னால் நான் பெரிய அலுவலகத்துக்கு மாறியபோது கொண்டுபோனது இந்த ஒரு வழக்கத்தை மட்டுமே. காவ்யா, உனக்கு நான் சொல்லக்கூடியதும் இதுதான்.

கடிதம் போட்டு இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மாதேசன் படியேறி வந்தார். மார்க்கெட் யார்டின் மிளகாய் நெடி சட்டையில் இருந்தது. என் மேஜைக்கு வரவில்லை. நேராக வரதராஜன் முன்னால் போய்க் கடிதத்தை வைத்தார்.

"இதை நீங்களே படிங்க சாமி. நான் படிச்சுட்டேன். நீங்க சொல்லிக் கேக்கோணும்."

தமிழ் எழுத்து வரதராஜனுக்குத் தடவித் தடவித்தான் வரும். எழுந்து நின்று, ஒவ்வொரு சொல்லாகக் கூட்டி, கடைசி வரை வாசித்தார். 'முன்பே எண்ணியிருக்க வேண்டும்' என்ற இடத்தில் நின்று, மறுபடி ஒருமுறை வாசித்தார்.

மாதேசன் கேட்டார். "இந்தக் கோட்டுக் கணக்குல நீங்க எத்தன வருசமுங்க?"

"பதினஞ்சு."

மாதேசன் கடிதத்தை வாங்கி மடித்தார்.

"பேக்டரியில நான் இருவத்தேழு" என்றார்.

நான் கீழே போய்க் காபி வாங்கி வந்தேன். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல், காபி முழுவதையும் குடித்தார்கள். மாதேசன் தம்ளரை வைத்துவிட்டு எழுந்து, வாசல் வரை போய், அங்கிருந்து முதல்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எளுத்து நல்லா இருந்துச்சு அம்மிணி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.